‘அப்டேட் செக்’ தோல்வி: தூரத்து சர்வரின் பச்சை விளக்கை எவ்வளவு நம்பலாம்?

‘‘சர்வர் டவுனுங்க, சாயங்காலமா வாங்க.’’ பட்டா நகல் எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனவர்கள், ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்க நின்றவர்கள், கூட்டுறவு வங்கியில் பணம் எடுக்கப் போனவர்கள் என எல்லோரும் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்போம். சர்வர் படுத்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். போன் போட்டு சத்தம் போட ஆள் இருக்கும், சரிபண்ண ஆள் வரும்.

யாருக்குமே தெரியாத இன்னொரு கோளாறு இருக்கிறது. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வேலைகள் நடக்கும். ஆனால் மாதக்கணக்கில் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. எங்கோ ஒரு கண்காணிப்புத் திரையில் ‘அப்டேட் செக் ஃபெயில்டு’ என்று ஒரு வரி மின்னிக்கொண்டிருக்கும். பார்ப்பவர், ‘மெஷின்தான் ஓடுதே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இந்த ஒரு வரியை ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது, அது வந்தால் எங்கிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும்? பார்ப்போம்.

2024 ஜூலையில் நடந்தது என்ன?

2024 ஜூலை 31 அன்று, இந்திய தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் (என்.பி.சி.ஐ.) ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்ப சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனம் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கலாம் என்பதால், அதைப் பணப்பரிவர்த்தனை வலைப்பின்னலில் இருந்து தற்காலிகமாகத் துண்டித்திருப்பதாகச் சொன்னது. நாடு முழுவதும் கிட்டத்தட்ட 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐ உள்ளிட்ட சேவைகள் நின்றுபோயின. மறுநாள் இணைப்பு திரும்பியது.

உள்ளே நுழைந்தது எப்படி? இதை ஆராய்ந்த பெங்களூருவைச் சேர்ந்த கிளவுட்செக் நிறுவனம், சி-எட்ஜுக்கு வேலை செய்துகொடுத்த இன்னொரு நிறுவனத்தின் ‘ஜென்கின்ஸ்’ சர்வரில் இருந்துதான் தாக்குதல் தொடங்கியது என்றது. அந்த சர்வர் சரியாக அமைக்கப்படவில்லை. அதிலிருந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் தாக்கியவர்கள் நுழைந்தார்கள் என்பது அந்த நிறுவனத்தின் அறிக்கை.

இங்கே கவனிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை ஜென்கின்ஸ் வெளியிட்டது 2024 ஜனவரி 24. தாக்குதல் வெளியில் தெரிந்தது ஜூலை 31. நடுவில் ஆறு மாதம் போயிருந்தது.

உலகத்தையே உலுக்கிய ‘வான்னாக்ரை’ கதையும் இதே மாதிரிதான். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்தது 2017 மார்ச் 14. தாக்குதல் தொடங்கியது மே 12. இடையில் இருந்த இரண்டு மாதத்தில் அப்டேட் ஏறாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் 150 நாடுகளில் பூட்டப்பட்டன. பெரும்பாலான தாக்குதல்களுக்குப் புதிய ஓட்டை தேவையில்லை. மருந்து வந்த பிறகும் போடாமல் விட்ட மெஷின்களே போதும்.

‘அப்டேட் செக்’ என்றால் என்ன?

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பாமாயில் வந்திருக்கிறதா என்று பார்த்துவர வீட்டிலிருந்து ஒருவரை அனுப்புகிறோம். அவர் போகிறார், போர்டைப் படிக்கிறார், வந்து சொல்கிறார். இதுதான் அப்டேட் செக். பொருளை வாங்கிவந்து அடுக்குவது அடுத்த கட்டம்; அது ‘இன்ஸ்டால்’.

சர்வரும் அதைத்தான் செய்கிறது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் என்றால், மென்பொருள் களஞ்சியம் எனப்படும் ‘ரெப்பாசிட்டரி’க்குப் போய்ப் புதிய பட்டியலை இறக்கி, தன்னிடம் இருப்பதோடு ஒப்பிடும். விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரிடமோ, அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் அப்டேட் சர்வரிடமோ கேட்கும்.

இப்போது, அனுப்பிய ஆள் வெறுங்கையோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘‘கடைக்குப் போனேன், சரக்கு வரலை’’ என்பது ஒரு பதில். ‘‘கடைக்கே போக முடியலை’’ என்பது வேறொரு பதில். இரண்டாவதுதான் ‘அப்டேட் செக் ஃபெயில்டு’. பாமாயில் வந்ததா, வரவில்லையா என்பது நமக்குத் தெரியாது. ‘தெரியாது’ என்பதை ‘வரலை’ என்று எடுத்துக்கொள்வதில்தான் எல்லா ஆபத்தும் தொடங்குகிறது.

தூரத்தில் இருந்து எப்படிப் பார்க்கிறார்கள்?

புதுக்கோட்டை மாவட்டம், குளத்தூரை எடுத்துக்கொள்வோம். (சென்னை கொளத்தூர் இல்லை. கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட தாலுகாவின் குளத்தூர்.) அங்கே ஓர் அலுவலகத்தில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு சர்வர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் சென்னையில் இருக்கிறது. இடையில் 350 கிலோமீட்டர். ஒவ்வொரு கோளாறுக்கும் ஆள் அனுப்ப முடியாது. அதனால் நாகியோஸ், ஜாபிக்ஸ் மாதிரியான கண்காணிப்பு மென்பொருள்களை வைக்கிறார்கள். குளத்தூர் சர்வரில் ஒரு சின்ன ஏஜென்ட் நிரல் உட்கார்ந்திருக்கும். சென்னையில் இருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி வரும்: உயிரோடு இருக்கியா? டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கு? அப்டேட் ஏதும் பாக்கி இருக்கா?

நாகியோஸ் வகையில் பதில் நான்கே விதம்தான். ‘ஓகே’, ‘வார்னிங்’, ‘கிரிட்டிகல்’, ‘அன்னோன்’. திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு. நான்காவதான அன்னோனுக்கு ஆரஞ்சு. சிவப்பைப் பார்த்தால் ஓடுவார்கள். அன்னோனைப் பார்த்தால்? பல இடங்களில் அதற்கு அலாரமே வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ‘கடைக்கே போக முடியலை’ என்ற பதில் பெரும்பாலும் வந்து விழுவது இந்த அன்னோன் கூடையில்தான்.

முதல் கேள்வி: தோற்றது யார்?

அலர்ட் வந்ததும் அப்டேட்டைப் பிடித்துக் குடைய ஆரம்பிப்பது பலருக்கும் பழக்கம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தோற்றது அப்டேட்டா, அல்லது அதை விசாரிக்கப் போன கண்காணிப்பா?

ஓர் உதாரணம். நாகியோஸின் தூர விசாரணைக் கருவி, வழக்கமாக 10 விநாடிதான் பதிலுக்குக் காத்திருக்கும். புதிய பட்டியலை இறக்குவதற்கு, கிராமத்து இணைப்பில் ஒரு நிமிடம்கூட ஆகலாம். 11-வது விநாடியில் சென்னைத் திரை சிவப்பாகிவிடும். குளத்தூரிலோ எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும். இதற்கு மருந்து, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது. அதைவிட நல்லது, பட்டியலை சர்வரே இரவில் தனியாக இறக்கிவைத்துக்கொள்ளவும், கண்காணிப்பு வந்து முடிவை மட்டும் படித்துப் போகவும் ஏற்பாடு செய்வது.

இன்னொன்று, அனுமதி. கண்காணிப்பு ஏஜென்ட் பாதுகாப்பு கருதி அதிகாரம் குறைந்த பயனர் கணக்கில் ஓடும். பட்டியலைப் புதுப்பிக்க நிர்வாகி அதிகாரம் வேண்டும். அது இல்லாவிட்டால் ‘பெர்மிஷன் டினைடு’ என்று திரும்பிவரும்.

எனவே முதல் வேலை, அந்த சர்வருக்குள் நேரடியாக நுழைந்து, அப்டேட் செக்கைக் கையாலேயே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. அது ஒழுங்காக ஓடினால் கோளாறு கண்காணிப்பில். ஓடாவிட்டால் கோளாறு சர்வரில் அல்லது போகும் வழியில். ஐந்து நிமிட வேலை. ஆனால் பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

வழக்கமான ஆறு காரணங்கள்

1. போகும் வழி அடைபட்டிருப்பது: இணையப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வேலை செய்யாமல் போவது, ஃபயர்வால் விதியை யாரோ மாற்றிவிடுவது, ப்ராக்ஸி முகவரி மாறிவிடுவது ஆகியவை அன்றாடக் காரணங்கள். சிறிய ஊர்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: நெட் பேக் தீர்ந்துபோவது. ரீசார்ஜ் முடிந்ததும் சில நிறுவனங்கள் எந்த முகவரிக்குப் போனாலும் தங்கள் கட்டணப் பக்கத்தையே காட்டும். சர்வர் பாவம், மென்பொருள் பட்டியலைக் கேட்கும். கிடைப்பது ‘பணம் கட்டுங்க’ பக்கம். அப்போது உபுண்டு சர்வர், ‘வந்த கோப்பு சரியில்லை, இந்த நெட்வொர்க்கில் லாகின் செய்ய வேண்டுமா?’ என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி தரும். அதைப் பொறுமையாகப் படித்தால் விஷயம் முடிந்தது.

2. கடிகாரம் தப்பாக ஓடுவது: இதை யாரும் முதலில் சந்தேகப்பட மாட்டார்கள். சர்வரின் மதர்போர்டில் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாதபோது நேரத்தைக் காப்பாற்றுவது அதுதான். அது தீர்ந்துபோயிருந்தால், கரண்ட் போய் வரும்போது சர்வர் பல வருடங்களுக்கு முந்தைய தேதியில் கண்விழிக்கும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பின் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு மெஷினை எழுப்பினால் முதலில் பார்க்க வேண்டியது தேதியைத்தான்.

தேதி தப்பானால் என்ன? பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்களில் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்று இருக்கும். தேதி பின்தங்கியிருந்தால், ‘இது இன்னும் நடைமுறைக்கே வரலையே’ என்று சர்வர் நிராகரிக்கும். மென்பொருள் பட்டியலுக்கும் இதே கதைதான். பிரச்சினை ஒன்று இருக்கும். திரையில் தெரிவதோ சான்றிதழ்க் கோளாறு. நேரத்தை இணையம் வழியாகச் சரிசெய்யும் என்டிபி சேவை ஓடுகிறதா, ஃபயர்வால் அதை மறிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. சான்றிதழோ சாவியோ காலாவதியாவது: சில சமயம் கடிகாரம் சரியாக இருக்கும், சான்றிதழே உண்மையில் தீர்ந்திருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ இலவசச் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழை அறியாத, பழைய மென்பொருளில் ஓடிய மெஷின்கள் அன்று முதல் பல இணையதளங்களோடு பேச மறுத்தன. சரிசெய்யத் தேவைப்பட்டது ஓர் அப்டேட். ஆனால் அதை எடுக்கும் முகவரியும் அதே சான்றிதழை நம்பி இருந்தால்? பூட்டின வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான்.

இதேபோல, மென்பொருள் பட்டியலில் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவிகளும் அவ்வப்போது மாறும். மூன்றாம் தரப்பு மென்பொருள்களைச் சேர்த்திருக்கும் சர்வர்களில் இது அடிக்கடி வரும்.

4. இடம் இல்லாமல் போவது: பட்டியலை இறக்கிவைக்க டிஸ்க்கில் இடம் வேண்டும். லாக் கோப்புகள் வருடக்கணக்கில் சேர்ந்து நிரம்பியிருக்கும். இல்லையென்றால் பழைய கெர்னல்கள் ‘பூட்’ பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். மொத்த டிஸ்க்கில் பாதி காலியாக இருந்தும் அந்த ஒரு சின்னப் பகுதி நிரம்பிவிட்டால் அப்டேட் நின்றுவிடும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

5. பாதியில் நின்ற வேலையும் பூட்டும்: அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதி ஏறிய நிலையில் மென்பொருள் நிற்கும். அடுத்த தடவை ‘முதலில் பழைய வேலையை முடி’ என்று சர்வர் அடம்பிடிக்கும். அதை முடிக்கவைக்கும் கட்டளையை அந்தப் பிழைச் செய்தியே சொல்லிக்கொடுத்துவிடும். இன்னொரு வகை, பூட்டு. ஒரே நேரத்தில் இரண்டு பேர் அப்டேட் செய்தால் குழம்பிவிடும் என்பதால் ஒருவர் செய்யும்போது இன்னொருவரைத் தடுக்கும் ஏற்பாடு அது. தானியங்கி அப்டேட் ஓடும் அதே நேரத்தில் கண்காணிப்பும் வந்து கதவைத் தட்டினால், செக் தோற்றுவிடும். பெரும்பாலும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் தானே சரியாகும்.

6. கடையே மூடியாச்சு: இதுதான் ரொம்ப முக்கியம். ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஆயுள் உண்டு. பல அலுவலக சர்வர்களில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்தது. அதையடுத்து, எங்கே போய்ப் பட்டியல் எடுப்பது என்று வழிகாட்டும் அதன் முகவரியும் நிறுத்தப்பட்டது. அதனால் அந்த சர்வர்களில் ‘முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற பிழை வரத் தொடங்கியது. பார்த்தவுடன் டிஎன்எஸ் கோளாறு போலத்தான் இருக்கும். மணிக்கணக்கில் நெட்வொர்க்கைக் குடைந்தாலும் ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் கடை அந்தத் தெருவிலேயே இல்லை.

பச்சை விளக்கு பொய் சொல்லும் இடங்கள்

சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையாக்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பச்சையே ஏமாற்றும் இடங்கள் நான்கு இருக்கின்றன.

ஒன்று, மேலே சொன்ன சென்ட்ஓஎஸ். ‘முகவரியைப் பழைய காப்பகத்துக்கு மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த தீர்வு. மாற்றினால் பிழை போய்விடும். திரை பச்சையாகி, ‘அப்டேட் எதுவும் பாக்கி இல்லை’ என்று சொல்லும். உண்மைதான். ஏனென்றால் அந்தக் காப்பகத்துக்கு இனி எந்த அப்டேட்டும் வரப்போவதே இல்லை. மூடிய கடையின் பழைய போர்டைத் தினமும் போய்ப் படித்துவிட்டு, ‘புது சரக்கு இல்லை’ என்று நிம்மதியாகத் திரும்புவது மாதிரி. காப்பகம், புது சர்வருக்கு மாறும்வரை கைகொடுக்கும் தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

இரண்டு, பழைய பட்டியல். நாகியோஸின் உபுண்டு அப்டேட் செக், தனியாகச் சொன்னால் ஒழிய புதிய பட்டியலை இறக்காது. சர்வரில் ஏற்கெனவே இருக்கும் பட்டியலை வைத்துத்தான் பதில் சொல்லும். அந்தப் பட்டியல் நான்கு மாதப் பழசு என்றாலும், ‘பாக்கி பூஜ்யம்’ என்று பச்சை காட்டும். ஆள் கடைக்குப் போகவே இல்லை. போன மாதம் எழுதிவந்த சீட்டையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்.

மூன்று, ரீஸ்டார்ட் ஆகாத சர்வர். அப்டேட் ஏறியிருக்கும். ஆனால் கெர்னல் போன்ற அடிப்படைப் பகுதிகள் மாற, மெஷினை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். ‘தூரத்தில் இருக்கு, எழும்பலைன்னா யார் போறது?’ என்ற பயத்தில் ரீஸ்டார்ட்டைத் தள்ளிப்போடுவார்கள். 500 நாளாக நிற்காமல் ஓடும் சர்வர் என்று பெருமைப்படுவதில் அர்த்தம் இல்லை. 500 நாள் பழைய கெர்னல் ஓடுகிறது என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

நான்கு, தேடியது கிடைக்காததை இல்லை என்று எடுத்துக்கொள்வது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் இதற்குக் கொடுத்த விலை பெரிது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச்சில் தீர்வு வந்தது. ஈக்விஃபேக்ஸ் தன் சர்வர்களை ஸ்கேன் செய்து பார்த்தது. பாதிக்கப்பட்ட சர்வர் இருந்தும் அந்த ஸ்கேன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ‘நம்மகிட்ட இல்லை’ என்று நினைத்துக்கொண்டார்கள். மே மாதம் உள்ளே நுழைந்தவர்களை ஜூலை கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள். போக்குவரத்தைச் சோதிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகி, அதுவரை அது எதையும் பார்க்காமலேயே ஓடிக்கொண்டிருந்தது. 14 கோடிக்கும் அதிகமானோரின் தனிப்பட்ட விவரங்கள் பறிபோயின.

இந்த நான்குக்கும் சேர்த்து உதவும் ஒரு பழக்கம் இருக்கிறது. ‘அப்டேட் பாக்கி இருக்கா?’ என்று மட்டும் கேட்காமல், ‘கடைசியா எப்போ வெற்றிகரமா செக் பண்ணினே?’, ‘கடைசியா எப்போ ரீஸ்டார்ட் ஆனே?’, ‘உன் இயங்குதளத்துக்கு ஆதரவு எப்போ முடியுது?’ என்ற மூன்றையும் கண்காணிப்பில் சேர்ப்பது. கடைசி வெற்றி மூன்று நாளைத் தாண்டினால் மஞ்சள், ஏழு நாளைத் தாண்டினால் சிவப்பு என்று வைத்துவிட்டால், மௌனமாகத் தோற்கும் சர்வரும் வாய் திறந்துவிடும்.

அவசரத்தில் செய்யக் கூடாதவை

பிழைச் செய்தியை அப்படியே இணையத்தில் தேடினால் உடனடித் தீர்வுகள் நிறைய கிடைக்கும். அதில் மூன்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

‘சான்றிதழைச் சரிபார்க்காதே’ அல்லது ‘கையெழுத்து இல்லாவிட்டாலும் நம்பு’ என்று சர்வருக்குச் சொல்லும் கட்டளைகள் முதலாவது. பிழை மறையும். கூடவே, வழியில் யாராவது போலி மென்பொருளை நுழைத்தாலும் சர்வர் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்ளும்.

பூட்டுக் கோப்பை அழித்துவிடுவது இரண்டாவது. பின்னால் உண்மையிலேயே ஓர் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் மென்பொருள் தரவுத்தளமே சிதைந்துபோகலாம்.

அலர்ட்டை அணைத்துவிடுவது மூன்றாவது. ‘இது எப்பவும் இப்படித்தான் கத்தும்’ என்று ஒருவர் மௌனப்படுத்துவார். அவர் வேலை மாறிப் போய்விடுவார். அடுத்து வருபவருக்கு அப்படி ஓர் அலர்ட் இருந்ததே தெரியாது. அணைப்பதாக இருந்தாலும், இத்தனை நாள் கழித்துத் தானாகத் திரும்பி வரும்படி கெடு வைத்து அணைக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாமே ஆட்டோமேட்டிக்காக ஏறட்டுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19 காலை இந்திய நேரப்படி 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. அதில் பிழை. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

முடங்கிய கணினி எழும்பினால்தானே தூரத்தில் இருந்து சரிசெய்ய முடியும்? அன்றைக்குப் பெரும்பாலான கணினிகளை ஒவ்வொன்றாக, பக்கத்தில் உட்கார்ந்து கையால்தான் மீட்க வேண்டியிருந்தது. 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்கு இதுதான் பெரிய பயம்.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, எல்லா சர்வரிலும் ஒரே நாளில் ஏற்றாமல், முதலில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒன்றில் ஏற்றி, ஓரிரு நாள் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்குப் போவது. இரண்டாவது, ஹெச்பி சர்வர்களில் ‘ஐலோ’, டெல் சர்வர்களில் ‘ஐடிராக்’ என்று ஒரு தனிக் கருவி இருக்கும். இயங்குதளம் படுத்தாலும் அது விழித்திருக்கும். அதன் வழியாகத் திரையைப் பார்க்கலாம், ஆஃப் செய்து ஆன் செய்யலாம். வாங்கும்போதே இதை இணைத்துவைத்தால், நள்ளிரவில் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்காது. ஆனால் அதை நேரடியாகப் பொது இணையத்தில் திறந்துவைத்தால் அதுவே புது ஓட்டை.

கண்காணிப்பவரை யார் கண்காணிப்பது?

எல்லா சர்வருக்குள்ளும் போக அதிகாரம் உள்ள மென்பொருள் எது? கண்காணிப்பு மென்பொருள்தான். தாக்குபவர்களுக்கும் இது தெரியும். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில், ‘ஓரியன்’ என்ற கண்காணிப்பு மென்பொருளின் அதிகாரபூர்வ அப்டேட்டுக்குள்ளேயே தீய நிரல் புகுத்தப்பட்டிருந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை இறக்கியிருந்தார்கள். 2021 ஜூலையில், தூரத்தில் இருந்து கணினிகளைப் பராமரிக்க உதவும் கசேயா மென்பொருளின் ஓட்டை வழியாக ரேன்சம்வேர் பரவியது. ஸ்வீடனில் கூப் என்ற கடைத்தொடரின் நூற்றுக்கணக்கான கிளைகள் கதவைச் சாத்தவேண்டி வந்தது. கல்லாப்பெட்டிக் கணினிகளைப் பராமரித்தவர்கள் நம்பியிருந்தது அந்த மென்பொருளைத்தான்.

ஆக, ‘யாருக்கெல்லாம் அப்டேட் பாக்கி’ என்று பட்டியல் போடும் சர்வரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

விதிகள் என்ன சொல்கின்றன?

இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு முக்கியமானது. சைபர் தாக்குதல் நடந்தது தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். கணினிகளின் கடிகாரத்தை தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு, இல்லாவிட்டால் அவற்றோடு பொருந்தும் என்டிபி சர்வர்களோடு இணைக்க வேண்டும். கடிகாரம் சின்ன விஷயம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. யார் எப்போது நுழைந்தார்கள் என்று பின்னால் விசாரிக்கும்போது, ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு நேரம் சொன்னால் எதையும் கோத்துப் பார்க்க முடியாது.

அந்த ஆண்டு நவம்பர் 23 அன்றுதான் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ரேன்சம்வேர் தாக்கியது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நாட்டின் முதன்மை மருத்துவமனையில் ஓபி சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாள்கள் கையால் எழுதவேண்டியிருந்தது.

உள்ளூர் அலுவலகங்கள் என்ன செய்யலாம்?

சர்வர் சென்னையில் இருந்து பராமரிக்கப்பட்டாலும், அது இருக்கும் அறையின் சாவி உள்ளூரில்தான் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம், பள்ளி, சிறு மருத்துவமனை, சொந்தமாக சர்வர் வைத்திருக்கும் கடை என எதுவானாலும் ஒப்பந்ததாரரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். கணினி படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

* எங்கள் சர்வர் கடைசியாக அப்டேட் ஆன தேதி என்ன? ‘எல்லாம் ஓகே சார்’ என்பது பதில் ஆகாது. தேதி வேண்டும்.
* இதன் இயங்குதளத்துக்கு ஆதரவு எப்போது முடிகிறது? அலுவலக மேசைக் கணினிகளையும் சேர்த்துக் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.
* அப்டேட் செக் தோற்றால் யாருக்கு அலர்ட் போகும்? அவர் லீவில் இருந்தால் அடுத்து யார்?
* பேக்கப் எங்கே இருக்கிறது? அதிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? அதே சர்வரோடு எப்போதும் இணைந்திருக்கும் பேக்கப்பும் ரேன்சம்வேரில் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும்.
* யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும்? அப்டேட் நேரத்தில் கரண்ட் போனால் சர்வர் ஒழுங்காக அணையும்படி ஏற்பாடு இருக்கிறதா?

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். கரண்ட் எப்போது போனது, நெட் எப்போது நின்றது, யார் வந்து எதைத் தொட்டார்கள் என்று தேதி போட்டு எழுதிவைத்தால் போதும். ‘போன செவ்வாய்க்கிழமையில இருந்துதான் செக் ஃபெயிலாகுது’ என்று சென்னையில் இருந்து போன் வரும்போது, ‘அன்னைக்குத்தான் நெட்காரங்க வந்து பாக்ஸை மாத்தினாங்க’ என்று சொல்ல ஒருவர் இருந்தால், அரை நாள் தேடல் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எந்தக் கண்காணிப்பு மென்பொருளுக்கும் அந்தத் தகவல் தெரியாது.